லீவிலும் வந்தவள்

குளிர்கால லீவு விட்டதும் நீச்சல் குழுப் பிள்ளைகள் எல்லாம் போர்வைக்குள் புகுந்துகொண்டார்கள். கோச் 'மீன்குஞ்சு' என்று கூப்பிடும் பெண் மட்டும் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பாள். பயிற்சி முடிந்ததும் விரல் சுருங்கும் வரை ஷவரில் நிற்பாள்.

கோச்சுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இந்தக் குளிர்ல எந்திரிச்சு வர எனக்கே மனசு வரலை. உனக்கு மட்டும் எங்கிருந்து வருது இந்த வெறி?"

"பழகிடுச்சு சார்."

"மேனேஜர்கிட்ட பேசிட்டேன். பாவம், புள்ளை கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு. நாளையிலேர்ந்து லீவு முடியற வரைக்கும் குளத்தைப் பூட்டிடறோம். வீட்ல நல்லா இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கு. இது உனக்கு என் பரிசு!"

"தேங்க்ஸ் சார்" என்றாள். சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

வெளியே, கார்கள் நிறுத்தும் இடத்தின் கோடியில், ராத்திரி இருவரும் காருக்குள்ளேயே போர்த்திப் படுத்த போர்வைகளைப் பின்சீட்டில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள் அம்மா.

"வெந்நீர் வந்துச்சாடி?"

"வந்துச்சும்மா."

"நாளைக்கு நானும் உள்ள வந்து தலைக்குக் குளிச்சுடறேன். இன்டர்வியூ இருக்கு."

மீன்குஞ்சு போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"சரிம்மா" என்றாள்.