கைமடி

“வந்துருச்சுங்க!” என்று மருந்துக்கடைப் பொன்னுச்சாமி மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார். அந்தோணிராஜின் முகம் சுண்டிப்போனது.

“ஏனுங்க, ரெண்டு மாசமா நடையா நடந்தீங்க. வந்துருச்சுன்னு சொன்னா இப்படி முழிக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. குடுங்க.”

வேலம்பாளையத்தில் மனைவி விஜயராணியின் வீடு அங்கிருந்து நாலு தெரு. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனான். மிதித்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவான்.

மகள் ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயது. அவள் கவனம் எதிலும் ஐந்து நிமிடம் நிற்காது. கொழுப்பு என்று நினைத்து அந்தோணிராஜ் ஒருநாள் மரஸ்கேலால் அடித்தான். ஸ்கேல் உடைந்தது.

விஜயராணி பிள்ளையைக் கோயமுத்தூர் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அது கொழுப்பு இல்லை, ஒரு கோளாறு, மாத்திரை போட்டால் கட்டுப்படும் என்று கேட்டு வந்தாள். “பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டுதியா?” என்று அவன் கத்தினான். அன்று சாயங்காலமே அவனுடைய பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு ஒன்றரை வருடமாக நல்லூரில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வாய் திறப்பது, டீக்கடையில் “ஒரு டீ” என்று சொல்வதற்கு மட்டும்தான்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு விஜயராணி போன் செய்தாள்.

“மாத்திரை எங்கயும் கெடைக்கல. பதிலுக்கு எழுதிக் குடுத்தது அவளத் தூங்க வைக்கு. மாத்திரை வார வரைக்கும் யாராவது எதிர்ல உக்காந்து, கொஞ்சம் கொஞ்சமா பாடத்தக் குடுக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. எனக்கு ஒன்றரை ஷிப்ட். எட்டரை ஆயிருது.”

அவளே தொடர்ந்தாள்.

“மாத்திரை இல்லாததுல ஒரே நல்லது, சோறு நல்லா திங்கா. அதப் போட்டா மத்தியானச் சோறு எறங்காது.” பிறகு, “மாத்திரை வார வரைக்கும்தான்” என்று இன்னொரு தரம் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எதிரில் உட்காருவது எப்படி என்று டெய்லரான அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் அவனுடைய மிஷினுக்கு எதிரே கைமடி ஆள் உட்கார்ந்திருக்கும். குவியலைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பீஸாக எடுத்துக் கொடுக்கும். டெய்லர் குவியலைப் பார்த்தால் மலைத்துவிடுவான்.

அதையே அவன் செய்தான். கணக்குப் புத்தகத்தை அட்டையால் மறைத்து, ஒரு கணக்கை மட்டும் திறந்து வைத்தான். ஐந்து கணக்கு முடிந்தால் அவள் தெருக்குழாய் வரை ஓடிவிட்டு வரலாம்.

முதல் வாரங்களில் தண்ணீர், பல்லி, பக்கத்து வீட்டு நாய் என்று பத்துத் தரம் எழுந்தாள். அவன் ஸ்டூலை விட்டு அசையவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. பிறகு மெல்ல அவள் நிலைத்தாள். முழுப் பக்கத்தையும் எழுந்திருக்காமல் முடித்தாள். டைரியில் டீச்சரின் சிவப்பு மை நின்றுபோனது.

விஜயராணி வீடு திரும்பியதும் அவன் செருப்பை மாட்டுவான். அவள் ‘போங்க’ என்றும் சொன்னதில்லை, ‘இருங்க’ என்றும் சொன்னதில்லை.

இன்று ஜெசிந்தா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“லேட்டு! கைமடிக்கு இன்னிக்கு ஆப்சென்ட்.”

“மன்னிச்சிருங்க டெய்லரம்மா” என்று ஸ்டூலில் உட்கார்ந்தான். “சரி, உங்க கைமடி எப்படி வேலை பாக்கான்?”

“சுமார்தான்.”

அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது, கழுவிவைக்க அவளுடைய டிபன் டப்பாவைத் திறந்தான். சோறு வைத்தபடியே இருந்தது.

“ஏட்டி, என்ன இது? கொஞ்ச நாளாவே இப்படித்தான இருக்கு.”

“பசிக்கலப்பா.”

அவனுக்கு அதைப் பற்றி யோசிக்க ஓடவில்லை. சட்டைப் பைக்குள் அட்டை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? இன்னும் ஒரு வாரம், பத்து நாள். பிள்ளைதான் நன்றாகப் படிக்கிறாளே. அப்படி நினைத்த உடனே, ஸ்கேல் உடைந்த சத்தம் காதில் கேட்டது.

எட்டே முக்காலுக்கு விஜயராணி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. அவன் எழுந்து அட்டையை நீட்டினான்.

“வந்துட்டு. நாளைலருந்து போட்டுவிடு. அவ படிப்பு கெட்டுறக்கூடாது.” கால்கள் செருப்பைத் தேடின. “நான் இனிமே வர வேண்டியதில்ல.”

விஜயராணி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜெசிந்தா பென்சிலைக் கடித்தபடி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

அவள் அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து, அவன் கொண்டுவந்த அட்டையை உள்ளே போட்டு மூடினாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

“மாத்திரை போன மாசமே கெடச்சு, இவ போட்டுட்டுதான் இருக்கா. நாளைக்கு நேரத்துக்கு வாங்க.”