சிவப்பு என்ஜின்

"அவரு கையாலயே அடிச்ச பெயிண்ட்டுண்ணே. ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காம எடுத்துடணும்" என்றபோது அந்தப் பெண்ணின் குரல் கம்மியது.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தெருவில் அவருக்குச் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். வண்டியை விட்டுவிட்டு நகராமல் நிற்பவர்களை முறைத்தே விரட்டிவிடுவார். ஆனால், தலையைக்கூட வாராமல், தூக்கமில்லாத கண்களோடு, அத்தனை கனமான பைக்கைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்து மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்ததும் அவருக்கு விரட்ட மனசு வரவில்லை.

வண்டி முழுக்கக் கறுப்பு. என்ஜின் மட்டும் பளீரென்ற சிவப்பு.

"ஆயிரம் வண்டிக்கு நடுவுல நின்னாலும் இந்தச் சிவப்பை வச்சே கண்டுபிடிச்சுடுவாரு. அவ்வளவு பிரியம்."

"வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு?"

"எல்லாம் இந்த வண்டியாலதான். ரெண்டு தடவை விழுந்து எழுந்தாரு. ஓட்டாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு, நான் சொன்னேன், கேட்டாத்தானே. மூணாவது தடவை..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவரு வீட்ல இருந்தவரைக்கும் இதை என்னால தெருவுக்குக் கொண்டுவரவே முடியல. போனதுக்கு அப்புறம்தான் வெளியில எடுத்தேன்."

மெக்கானிக் என்ஜின் ஆயிலை வடித்தார். தேன் மாதிரித் தெளிவாக இறங்கியது. அவர் போன பிறகும் வண்டியை எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கவாட்டு மூடிகள் இரண்டையும் கழற்றி, பெயிண்ட் ரிமூவரைக் கெட்டியாகத் தடவினார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு, பாலாடை போலச் சுருங்கி எழும்பியது.

அவள் சும்மா நிற்காமல் இரும்பு பிரஷ்ஷை எடுத்தாள்.

"அது வேணாம்மா. அலுமினியம், கீறல் விழுந்துடும்." பிளாஸ்டிக் சுரண்டியைக் கொடுத்தார். "இந்தா, என் கையுறையைப் போட்டுக்கோ. மருந்து பட்டா தோல் எரியும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். சிவப்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. துக்கம் இப்படியாவது வெளியே வரட்டும் என்று அவர் விட்டுவிட்டார். என்ஜினின் இடுக்குகளையெல்லாம் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அவரே தேய்த்தார். வேலைக்கு வந்திருந்த மற்ற வண்டிகள் அன்று வரிசையாகக் காத்துக் கிடந்தன.

கழுவித் துடைத்து, ஆயில் ஊற்றி, மூடிகளை மாட்டி முடித்தபோது என்ஜின் வெள்ளி போல மின்னியது. அவள் குனிந்து, சுற்றி வந்து, அடிப்பக்கம் வரை பார்த்தாள்.

"எங்கயாவது சிவப்புத் தெரியுதாண்ணே?"

மெக்கானிக் கண்ணைத் துடைக்கத் தோளை உயர்த்திக்கொண்டார்.

"துளிகூட இல்லம்மா. அவரே எதிர்ல வந்து நின்னாக்கூட தன் வண்டின்னு சொல்ல மாட்டாரு."

காலையிலிருந்து முதல் முறையாக அவள் முகம் தெளிந்தது. கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டியின் ஸ்டாண்டைத் தள்ளினாள்.

"அது போதும்ணே. ராத்திரியே இதை ஒளிச்சு வச்சுட்டேன். வண்டியைக் காணோம்னு புகார் கொடுக்கத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு."