பாக்கி இருக்கட்டுமே

பள்ளிக்கூட ஆபீஸில் சீருடை டெய்லரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. இன்று கணக்கரே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கவரை நீட்டினார்.

“ரெண்டு வருஷப் பாக்கி மொத்தமும் இதுல இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்குங்க.”

டெய்லர் கவரைத் தொடவில்லை. “கொஞ்சம் பாக்கி இருக்கட்டுமே சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“நடையா நடந்து என் உயிரை எடுத்தவர் நீங்கதானே?”

“அது ஏதோ ஆத்திரத்துல... கடைசி பில்லையாவது நிறுத்தி வைங்க சார்.”

“நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. போன மாசம் நோட்டு சப்ளை பண்றவருக்கும் இப்படித்தான் ஒரே நாள்ல முடிச்சோம்.”

“தெரியும் சார்.” டெய்லர் கையெழுத்துப் போட்டார்.

கடையில் அக்கா சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவள் அல்ல. கடை திறந்த நாள் முதல் அவரிடம் தைப்பவள். ‘ஸ்கூல் பணம் வரட்டுங்க்கா’ என்று சொல்லிச் சொல்லியே அவர் அவளுக்கும் சம்பளத்தில் பாதியை நிறுத்தி வைத்திருந்தார்.

கவரைப் பிரித்துப் பணத்தை எண்ணி, ஒரு கட்டை அவள் முன்னால் வைத்தார். “உங்க பாக்கி பூரா இருக்குக்கா. சரியானு பார்த்துக்குங்க.”

மெஷின் நின்றது. அக்கா பணத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஸ்கூல்ல வேற டெய்லரைப் பிடிச்சுட்டாங்களா தம்பி?”

அவர் மீதிப் பணத்தைக் கவருக்குள் திணித்தார்.

அக்கா தன் பணத்தில் பாதியைப் பிரித்து அவர் பக்கமே தள்ளினாள்.

“கொஞ்சம் பாக்கி இருக்கட்டுமே தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”