ஃபைலைப் பூட்டியவர்

"யாருலா அந்த ஃபைலைத் திறந்து வச்சிருக்கிறது? ஒடனே மூடுங்க!"

கோமதி போட்ட சத்தத்தில் பிரிக்பீல்ட்ஸ் இரத்ததானச் சங்க ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அவள் எதிரே நசீருதீன் வியர்த்து ஒழுக நின்றார். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அமீனா பீவிக்குப் பிரசவம் முடிந்தும் இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏபி நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. அதைக் கொடுக்கக்கூடியவர்களின் பெயரும் போன் நம்பரும் அந்த ஒரே ஃபைலில்தான். அதுவோ, வேறு யாரோ பயன்படுத்துகிறார் என்று சொல்லித் திறக்கவே மறுத்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்பதெல்லாம் மனிதர்களுக்குத்தான்; தொண்ணூற்று நான்கில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு அதை யார் சொல்வது?

"நான் இல்லக்கா." "நானும் இல்ல." ஆளாளுக்குக் கையை விரித்தார்கள்.

நெட்வொர்க் சரிபார்க்க அன்றுதான் வந்திருந்த ஜெயராஜ், எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் பெரிய மெஷினில் தட்டிப் பார்த்தான். "டெலிபோன் ரூம் மெஷின்க்கா."

"அங்க நாகையா அண்ணன் மட்டுந்தான். அவரு எங்க, ஃபைல் எங்க! கத விடாதீங்கலா."

"சண்டைய அப்புறம் போடுங்கம்மா, அங்க என் பொண்டாட்டி..." நசீருதீன் குறுக்கிட்டார். மூவரும் ஓடினார்கள்.

டெலிபோன் ரூமில் நாகையா கையை உயர்த்தி, பொறுங்கள் என்று சைகை காட்டினார். ரிசீவரில் பேசிக்கொண்டிருந்தார். "டாக்சி பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க பாஸ்... நன்றி!"

வைத்துவிட்டுச் சொன்னார்: "டாக்டர் போன் என் வழியாத்தானே வந்துச்சு? கேட்டதும் ஃபைலைத் திறந்துட்டேன். பங்சார்லேருந்து ரெண்டு பேரு கெளம்பிட்டாங்க. ஷா ஆலம்ல ஒருத்தரு பேக்டரியில சொல்லிட்டு வராரு."

"சுபஹானல்லாஹ்!" நசீருதீன் அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோமதி கிட்டே வந்தாள். "அண்ணே... லிஸ்ட்ட நீங்க எப்படி...?"

நாகையா காதில் இருந்த இயர்போனைக் கழற்றி, அவள் குரல் வந்த பக்கம் நீட்டினார். உள்ளே ஓர் இயந்திரக் குரல் தமிழ்ப் பெயர்களைக் கடித்துக் குதறி வாசித்துக்கொண்டிருந்தது.

"போன வாரந்தான் கம்ப்யூட்டர்ல மாட்டுனேம்மா, திரையில இருக்கிறத இது படிச்சுக் காட்டும்," என்று சிரித்தார், பிறந்ததிலிருந்து வெளிச்சத்தையே பார்த்திராத நாகையா.