கீரப்பாளையம் விண்டோ

"ஏம்மா, மூணு ஊரையும் ஒரே விண்டோவுல கொட்டினா எது எந்த ஊருன்னு யாருக்குப் புரியும்? ஊருக்கு ஒண்ணா தனித்தனியா தொற!" சுப்பராயலு கத்தினார்.

'ஒண்ணாவே போடு, அதான் அழகு' என்று நேற்று சொன்னதும் இதே மனுஷன்தான். அர்ஃபா பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் கமாண்டுகளைப் பிரித்துப் போட்டாள்.

சிதம்பரத்தில் ஜெயராணியின் பால் கம்பெனி அலுவலகம். அவருடைய மூன்று குளிரூட்டும் நிலையங்களிலும் டேங்க்கில் பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று நொடிக்கு நொடி திரையில் காட்ட வேண்டும். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கடலூரில் சுப்பராயலுவின் சின்னக் கம்பெனிக்குப் பூட்டுதான். அர்ஃபாவின் வேலையும் போச்சு.

மூன்று கறுப்பு விண்டோக்கள் திறந்தன. சிதம்பரம் நாலு டிகிரி என்று ஓடியது. சேத்தியாத்தோப்பும் ஓடியது. கீரப்பாளையம் மட்டும் ஒரு வரிகூடக் காட்டாமல் உம்மென்று நின்றது.

"அது ஏன் நிக்குது?"

"அந்த டேங்க்குல மாட்டின சென்சார்லேருந்து பதில் வரலை சார். ஒரு போன் போட்டு என்னான்னு கேப்போம்."

"போன் போட்டா நம்ம சரக்கு ஓடலைன்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி. அந்தம்மா படியேறி வந்துக்கிட்டிருக்காங்க. ஓட வைம்மா!"

"வராததை எப்பிடி சார் ஓட வைக்கிறது?"

"சிதம்பரம் கமாண்டையே அதுலயும் போடு. மேல கீரப்பாளையம்னு பேரை எழுது. பால் என்ன ஊருக்கு ஊரு வேறயாவா இருக்கும்?"

யா அல்லா, இந்த ஆளிடம் மாட்டிக்கொண்டு படுகிற பாடு! அர்ஃபாவுக்கு அழுகையே வந்தது. அழுதால் மட்டும் வேலை மிஞ்சுமா? மனசே இல்லாமல் தட்டினாள். மூன்றாவது விண்டோவும் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

ஜெயராணி வந்து உட்கார்ந்து திரையை நிதானமாகப் பார்த்தார்.

"பரவால்லியே, தனித்தனியா பாக்க நல்லாத்தான் இருக்கு. கீரப்பாளையத்துல இப்ப எவ்ளோ?"

"நாலு டிகிரி மேடம்! இதோ ஓடுது பாருங்க, இந்த நிமிஷத்து நிலவரம்," என்றார் சுப்பராயலு, வாயெல்லாம் பல்லாக.

"அப்பிடியா? நான் நேரா அங்கேருந்துதான் வரேன்."

ஜெயராணி கைப்பையைத் திறந்தார். போன வாரம் கீரப்பாளையம் டேங்க்கில் அர்ஃபா தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்த சென்சாரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதைக் கழட்டுனா அந்த விண்டோ நிக்குதான்னு பாக்கத்தாங்க எடுத்தாந்தேன். நின்னிருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன்."