மூன்றில் ஒரு பங்கு

மேசையின் தலைப்பக்கத்தில் பொது மேலாளர். அவருக்கு வலப்பக்கம் மின்சிக்கன அதிகாரி. மேலாளரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. இடப்பக்கம் கடிதம் அடிக்கும் அம்மா. கதவோரம், ஏசி நேராக முகத்தில் வீசும் இடத்தில், ஸ்டூலில் உஸ்ஸு. மடியில் ஒரு தடித்த பதிவேடு.

உஸ்ஸு என்பது அந்தக் குழாய் ஆலையில் எல்லாரும் வைத்த பெயர். இயந்திரங்களுக்குப் போகும் காற்று எங்கே 'உஸ்' என்று கசிகிறதோ அங்கே காதை வைத்துக் கண்டுபிடித்து அடைப்பது அவர் வேலை; கசிந்தால் காற்றை அழுத்தி அனுப்பும் மோட்டாருக்கு மின்சாரம் வீண். மீட்டர் அறைப் பதிவேடு எழுதுவதும் அவர்தான். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அதற்குள் வேலை போனால் ஓய்வூதியம் கிடையாது.

காலை பதினோரு மணி. திரைச்சீலைகளை இழுத்து மூடி, பதினெட்டு விளக்குகளையும் போட்டுக்கொண்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குளிர் தாங்காமல் மேலாளரும் அதிகாரியும் கோட்டு மாட்டியிருந்தார்கள். அம்மா சால்வையைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார்.

"மூணு மாசமா கரண்டு செலவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு அத்தான்," என்றார் அதிகாரி. உடனே திருத்திக்கொண்டு, "சார்," என்றார்.

சுவிட்சுக்குச் சுவிட்சு 'தேவையில்லையேல் அணைக்கவும்' என்று தான் ஒட்டிய நானூறு ஸ்டிக்கர்தான் காரணம் என்பது அவர் கட்சி. ஆலையின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தின்பவை உலைகளும் பெரிய மோட்டார்களும். அவை எப்போது ஸ்டிக்கர் படிக்கக் கற்றுக்கொண்டன என்று யாரும் கேட்கவில்லை.

மீட்டர் அறையையும் தான் விடவில்லை என்று அதிகாரி சொன்னார். ஆலைக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளுக்கும் தலா ஒன்றாக, மீட்டர்மேல் மூன்று குட்டி விளக்குகள் உண்டு. அதில் ஒன்று எரியவில்லை என்று உஸ்ஸு வந்து முறையிட்டாராம். "அதுவாவது சிக்கனமா இருக்கே, விடுய்யான்னேன்," என்று அதிகாரி சிரித்தார். மேலாளரும் வயிறு குலுங்கச் சிரித்தார். உஸ்ஸு சிரிக்கவில்லை.

மின்வாரியம் அந்த வருடம் சிக்கன விருது அறிவித்திருந்தது. அதற்கான கடிதத்தை அம்மா வாசித்துக் காட்டினார். முதல் இரண்டு பக்கமும் மேலாளரின் தொலைநோக்கு. கடைசிப் பத்திக்கு வந்ததும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. இவ்வளவு மிச்சமும் ஸ்டிக்கராலேயே கிடைத்துவிட்டதால், காற்றுக் கசிவு பார்க்கும் பிரிவு தேவையற்றதாகி, அடுத்த மாதம் முதல் தேதி கலைக்கப்படுகிறது. அந்தப் பிரிவில் இருந்ததே ஒரே ஆள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

உஸ்ஸு எழுந்தார். "சார், ஒரு சங்கதி சொல்லணும்."

"வேலை போகுதுன்னதும் எல்லாருக்கும் ஒரு சங்கதி வந்துடும்," என்றார் மேலாளர். "உக்காருய்யா."

உட்கார்ந்தார்.

மூன்று மாதக் கணக்குக்கு அத்தாட்சி கேட்பார்களே என்று அம்மா நினைவூட்டினார். பதிவேட்டுப் பக்கங்களை நகலெடுத்து வைத்தால் போயிற்று என்றார் அதிகாரி. ஒரு நாள் விடாமல் ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையெழுத்து இருப்பதாக மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். அது உண்மைதான். தினமும் மாலை ஐந்து மணிக்குப் பதிவேடு அவர் மேசைக்கு வரும். காதில் போனை இடுக்கிக்கொண்டே ஒரு கிறுக்குக் கிறுக்கித் தள்ளிவிடுவார்.

"முழுப் பக்கமுமா சார்?" என்று உஸ்ஸு கேட்டார். "குறிப்புன்னு கீழ ஒரு கட்டம் இருக்கு. அதையும் வைக்கலாமா?"

"ஒண்ணு விடாம வை."

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா நல்லது சார்."

"எண்ணெய்க் கையால நீ கிறுக்கினதை நான் உக்காந்து படிக்கணுமா?"

உஸ்ஸு பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாக வைத்தார். நகல் இயந்திரத்தில் தொண்ணூற்றிரண்டு தாள் வெளியே வந்தது. மேலாளர் கடிதத்தின் அடியில் கையெழுத்திட்டு, மூடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டிப் பேனாவை மூடினார். அம்மா எல்லாவற்றையும் பெரிய உறையில் திணித்துப் பசை தடவினார். ஒட்டிய இடத்தில் ஆலை முத்திரையை அதிகாரி தன் கையாலேயே குத்தினார்.

கூரியர்காரர் வந்து ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கீழே அவர் பைக் உதைபட்டுக் கிளம்பி, வாசல் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது.

விருது கைக்கே வந்துவிட்ட மாதிரி மேலாளருக்கு மனசு இளகியது. கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கதவுப் பக்கம் திரும்பினார். "என்னமோ சங்கதின்னியே, இப்ப சொல்லு."

உஸ்ஸு பதிவேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி அந்த விளக்கு அணைஞ்ச நாள்லேர்ந்து ஒரு கம்பியில வர்ற கரண்டு மீட்டர்ல ஏறவே இல்ல சார். வாரியத்துக்கு உடனே தெரிவிக்கணும்னு குறிப்புல தினமும் எழுதினேன்."

அதிகாரி எழுந்து ஜன்னலுக்கு ஓடித் திரைச்சீலையை விலக்கினார். தெருவில் பைக் இல்லை.

"ஒவ்வொரு குறிப்புக்கும் நேர் கீழதான் உங்க கையெழுத்து."