கட்டுப் போட்ட நாற்காலி

புத்தூர் வீட்டின் முன்னறையில் காலை வெயில். பெண் பார்க்க வந்திருக்கும் தீனாவுக்கு மிச்சமிருப்பது ஒரே நாற்காலி. பழகிய பொருளை விசித்திரமாக்கிக் காட்டும் ஓவியக் கல்லூரிப் பாடத்துக்காக, பவ்யா அதன் உடையாத காலுக்கு மூங்கில் பட்டை வைத்து, முட்டை வெள்ளை பூசி, எலும்பு முறிவுக் கட்டு போட்டிருக்கிறாள். யாராவது கேலி செய்தால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்பது அவள் முடிவு. "மானம் போவுதுடி," என்று அவள் அம்மா முணுமுணுக்கிறாள். தீனாவின் அம்மா குனிந்து கட்டை அழுத்திப் பார்க்கிறார். "எப்பம்மா கட்டனது?" "நேத்து, அத்தே." "டேய் தீனா, ஒக்காராத! பதினஞ்சு நாளு வெயிட்டு வெக்கக் கூடாது." தீனா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாற்காலியை அனுதாபத்தோடு பார்க்கிறான். "எங்கேர்ந்து வுழுந்துது?" "மாமரத்துலேர்ந்து," என்கிறாள் பவ்யா. சிரிப்பை அடக்கும் அவள் கையில் காபி டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன.